செப்டிக் டேங்க் கணக்கு: அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை

வீடு கட்டுகிறவர் கையில் ஒரு நோட்டு இருக்கும். செங்கல் எத்தனை லோடு, மணல் எத்தனை யூனிட், கம்பி எத்தனை கிலோ, கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, பூமி பூசைக்கு அய்யருக்குக் கொடுத்தது, பிளான் அப்ரூவலுக்கு அலைந்தபோது ஆன ஆட்டோ செலவு வரைக்கும் எழுதி வைத்திருப்பார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் முப்பது நாற்பது வருசத்துக்கு முன்னால் மனை வாங்கிக் கட்டிய குடும்பங்களில் இந்த நோட்டை இன்னமும் பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ‘செப்டிக் டேங்க்’ என்று ஒரு வரி இருக்கும். குழி வெட்டுக் கூலி, செங்கல், சிமெண்ட், மேலே போட்ட சிலாப்பு, பைப்பு. அதோடு அந்தக் கணக்கு முடிந்துபோகும். தொட்டி நிரம்பினால் அள்ளப்போவது யார், அவருக்கு என்ன கூலி, இறங்கினவர் ஏறி வராவிட்டால் என்ன என்பதற்கு அந்த நோட்டில் வரியே கிடையாது.

விடுபட்டுப்போன அந்த வரியின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. சாதியை அவமானம் என்கிறோம், ஒடுக்குமுறை என்கிறோம். இரண்டும் உண்மை. கூடவே அது ஒரு மானியமாகவும் வேலை செய்கிறது. ஒரு புறநகர் முழுவதும் இந்த மானியத்தில்தான் கட்டப்பட்டிருக்கிறது. கொடுத்தவர்கள் யார் என்பது எந்தப் பத்திரத்திலும் பதிவாகவில்லை.

முதலில் சொற்களைப் பார்ப்போம். செங்கல்பட்டுச் சீமையில் தோட்டி, வெட்டியான், தலையாரி என்பதெல்லாம் ஊர் ஊழியத்தின் பெயர்கள். ஏரிமடை பார்ப்பது, களத்துக் காவல், சாவுச் சேதி சொல்லப் போவது, பிணம் எரிப்பது என்று அந்த ஊழியம் பலவகை. அதற்கு ஈடாகக் களத்தில் கொஞ்சம் தானியமோ மானிய நிலமோ உண்டு. நகரங்களும் நகராட்சிகளும் வந்தபோது ‘தோட்டி’ என்ற சொல் மலம் அள்ளுகிறவரின் பெயராகச் சுருங்கியது. ‘கக்கூஸ்’ நம் சொல் அல்ல, டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. அறை வெள்ளைக்காரன் பெயரில் வந்தது. அதைச் சுத்தம் செய்கிறவரின் பெயரை மட்டும் நம் கிராமத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

சென்னை நகரத்துக்குள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாதாளச் சாக்கடை போட ஆரம்பித்துவிட்டார்கள். அது போகாத தெருக்களில் எடுப்புக் கக்கூஸ். வீட்டின் பின்பக்கம் தனிச் சந்து, சுவரில் ஒரு சின்னக் கதவு, உள்ளே வாளி. அள்ளுகிறவரின் முகம் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் இருக்கத்தான் அந்தச் சந்து. நகராட்சிகள் இந்த வேலைக்குத் தெலுங்கு பேசும் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தன. நம் சேரிகளிலிருந்தும் எடுத்தன. வேலைக்கு ஆள் எடுத்த முறையிலேயே சாதி இருந்தது. வேறு எந்த உத்தியோகத்திலும் கிடைக்காத நூறு சதவீத இடஒதுக்கீட்டை நமக்கு இந்த ஒன்றில்தான் கொடுத்தார்கள்.

நகர எல்லைக்கு வெளியே இருந்த மேற்குப் பக்கம் அப்போது ஏரியும் வயலும் தோப்புமாகத்தான் கிடந்தது. 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில் ஆலை போட்டது. 1959-இல் டன்லப் வந்தது. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டேங்க் அங்கிருந்து வெளியே வந்தது. ஆவடிக்காரர்களுக்கு டேங்க் என்றால் ரெண்டு: ஒன்று எல்லைக்குப் போகிறது, இன்னொன்று வீட்டுக்கு வீடு மண்ணுக்கடியில் கிடக்கிறது. முன்னதைச் செய்ய இன்ஜினியர், பிட்டர், வெல்டர், வைப்பு நிதி, குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு. பின்னதைச் சுத்தம் செய்ய இன்றுவரைக்கும் ஒரு பதவிப் பெயர்கூட ஒழுங்காகக் கிடையாது.

இதே ஆவடியில்தான் 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடியது. சத்தியமூர்த்தி நகர் என்று தற்காலிக நகரமே எழுப்பினார்கள். சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு வருசம் கழித்து, 1957-இல், துப்புரவுத் தொழிலாளர் நிலையை ஆராய என்.ஆர். மல்கானி தலைமையில் மத்திய அரசு ஒரு குழு போட்டது. 1960-இல் வந்த அதன் அறிக்கை தலையில் மலம் சுமப்பதை ஒழிக்கச் சொன்னது. ஆவடித் தீர்மானத்துக்குத் தொழிற்சாலை கிடைத்தது. மல்கானி அறிக்கைக்குக் கிடைத்தது தள்ளுவண்டியும், கொஞ்சம் பெரிய வாளியும்.

தொழிற்சாலைகளின் குவார்ட்டர்சைக் கம்பெனியோ சர்க்காரோ திட்டம் போட்டுக் கட்டியது. அங்கே வேலைக்கு வந்தவர்கள் வெளியே மனை வாங்கத் தொடங்கியபோது நடந்தது வேறு கதை. ஏரிப் பாசன வயல்களைக் கூறுபோட்டு ‘நகர்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். சாலைக்குக் கல் நட்டார்கள், கோயிலுக்கு இடம் விட்டார்கள். கழிவுநீர் எங்கே போகும் என்பதற்கு இடம் விடவில்லை. எல்லோருக்கும் ஒரே பதில்: செப்டிக் டேங்க் கட்டிக்கோங்க.

இந்தத் தொட்டிக்கும் வரலாறு உண்டு. 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் மூரா என்பவர் தன் வீட்டுக்கு இப்படி ஒன்றைக் கட்டினார். 1881-இல் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் எக்சிடர் நகரத்துப் பொறியாளர் டொனால்ட் கேமரூன் 1895-96-இல் அதை மேம்படுத்தி ‘செப்டிக் டேங்க்’ என்று பெயர் வைத்தார். செப்டிக் என்றால் அழுகல். உள்ளே போவது அழுகிக் கரைந்துபோகும், மனிதக் கை படவேண்டாம் என்பது அந்தப் பெயர் தந்த நம்பிக்கை. நம் ஊர்ச் சீர்திருத்தக்காரர்களும் இதே நம்பிக்கையில்தான் பேசினார்கள்: எடுப்புக் கக்கூசை ஒழி, செப்டிக் டேங்க் கட்டு, தோட்டி வேலை தானாக ஒழியும்.

ஒழியவில்லை. தினமும் காலையில் நடந்த வேலை சில வருசத்துக்கு ஒருமுறை நடக்கும் வேலையாக மாறியது. வாளியில் அள்ளினவர் உயிரோடு வீடு திரும்பினார். தொட்டிக்குள் இறங்கினவர் பல நேரம் திரும்பவில்லை.

எப்படி என்று புரிய அந்தத் தொட்டி வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே போவதில் கனமானது கசடாக அடியில் படியும். எண்ணெய்ப் பிசுக்கு மேலே ஏடாக மிதக்கும். நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போய் மண்ணில் இறங்கவேண்டும். கசடில் ஒரு பங்குதான் கரையும், மீதி சேர்ந்துகொண்டே போகும். இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை அதை எடுத்தே ஆகவேண்டும். எடுக்காவிட்டால் கசடு உறிஞ்சுகுழிக்குப் போய் அடைக்கும். அப்புறம் குழியையே புதிதாக வெட்டவேண்டி வரும்.

இதற்கு இந்திய தர நிறுவனத்தின் விதி 1963-லேயே வந்துவிட்டது; ஐ.எஸ். 2470 என்பது அதன் எண், 1985-இல் திருத்தினார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை கசடு எடுப்பதானால், ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீர் ஆழம் போதும் என்கிறது அது. ஏறக்குறைய 1,200 லிட்டர். ஆறாயிரம் லிட்டர் பிடிக்கிற கழிவுநீர் லாரி ஒன்று வந்தால் இப்படி ஐந்து வீட்டுத் தொட்டியை ஒரே நடையில் உறிஞ்சிவிடும்.

ஆனால் நம் பக்கம் கட்டுவது இதுவா? பத்தடி ஆழம் தோண்டுகிறார்கள். “ஒருவாட்டி பெருசா கட்டிட்டா உங்க பேரன் காலம் வரைக்கும் தொறக்கவே வேணாம் சார்” என்று மேஸ்திரி சொல்வதை எத்தனையோ இடத்தில் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரருக்கு அது சந்தோசமாக இருக்கிறது. மேலே சிலாப்பு போட்டு, அதன் மேல் டைல்ஸ் ஒட்டி, கார் நிறுத்துகிறார். சில இடங்களில் மூடியே வைப்பதில்லை, வேண்டும்போது உடைத்துக்கொள்ளலாமாம். காசில்லாதவர்கள் சிமெண்ட் உறை இறக்கி அடியைத் திறந்து விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும்போது அது பக்கத்து போர் தண்ணீரில் கலக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெரிய தொட்டிக்குச் செலவு அதிகம். கூடுதல் குழிவெட்டு, கூடுதல் செங்கல், கூடுதல் கம்பி. ஆகவே இது கஞ்சத்தனம் இல்லை. திறந்து பார்க்காமல் இருப்பதற்காகக் கையிலிருந்து அதிகப் பணம் போடுகிறார். ஒரு லோடு எடுக்க இரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருசத்துக்கு ஒருதரம் என்றால் மாதத்துக்கு அறுபது ரூபாய்கூட ஆகாது. கேபிள் டிவிக்கு இதைவிட அதிகம் கட்டுகிறோம். அந்த அறுபது ரூபாயை ஒதுக்கமாட்டாராம், பல ஆயிரம் கூடுதலாகப் போட்டுப் பள்ளம் தோண்டுவாராம். பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு விளக்கம் தேடட்டும். எனக்குத் தெரிந்த விளக்கம் தீட்டு. பழைய வீட்டில் பின்சந்து செய்த வேலையைப் புது வீட்டில் பத்தடிப் பள்ளம் செய்கிறது.

அந்தப் பள்ளம் ஒருநாள் நிரம்பத்தான் செய்யும். பதினைந்து இருபது வருசத்துக் கசடு அடியில் இறுகிக் கிடக்கும். லாரிக் குழாய் மேலே இருக்கும் நீரை உறிஞ்சும், அடியில் இருப்பதை உறிஞ்சாது. அப்போது “யாராச்சும் எறங்கிக் கிளறி விடுப்பா” என்பார்கள். கடப்பாரையோடு ஒருவர் இறங்குவார். கூடுதலாகக் கொஞ்சம் காசு, ஒரு குவார்ட்டர். தெளிவாக இருந்தால் அந்த நாற்றத்தில் இறங்கமுடியாது என்பதால் குடிக்கிறார். அப்புறம் ‘குடிச்சிட்டு எறங்கினான், செத்தான்’ என்று அவர் மேலேயே பழி.

உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீத்தேன், கரியமில வாயு. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றத்தை அறிகிற திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்குகிறவர் ஒன்றிரண்டு மூச்சில் விழுந்துவிடுவார். கசடைக் கிளறக் கிளற அதில் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் விழுவார். இந்தச் சாவுகள் இரண்டு மூன்றாக வருவதற்குக் காரணம் இதுதான்.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் சாலையில் போனால் திருப்பெரும்புதூர். அதன் அருகே நெமிலியில் 2019 மார்ச் மாதம் ஒரு வீட்டுத் தொட்டியில் ஆறு பேர் செத்தார்கள். அப்பாவும் இரண்டு மகன்களும் அதில் அடக்கம். ஒருவரைக் காப்பாற்ற ஒருவராக இறங்கியவர்கள். திருவள்ளூர் மாவட்டத்து மீஞ்சூரில் 2023 மே 1 அன்று ஒரு தனியார் பள்ளியின் தொட்டியைச் சுத்தம் செய்யப் போன இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். தேதியைக் கவனியுங்கள், உழைப்பாளர் தினம். பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு இன்னொன்று: 2024 ஆகஸ்டில் ஆவடி மாநகராட்சியில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறந்தார். தொட்டியோ குழாயோ, இறங்குகிற ஆள் மாறவில்லை.

சட்டம் என்ன செய்தது? 1993-இல் கையால் மலம் அள்ளுவதற்குத் தடைச் சட்டம் வந்தது. எடுப்புக் கக்கூசைப் பற்றிப் பேசிய அது, செப்டிக் டேங்க் பற்றி வாய் திறக்கவில்லை. மீறினால் ஒரு வருசம் வரை சிறை அல்லது இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்றது. பெசவாடா வில்சனும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்களும் தெருவிலும் நீதிமன்றத்திலும் வருசக்கணக்காக நின்றபிறகு 2013-இல் புதுச் சட்டம் வந்தது. அண்ணல் நினைவு நாளான டிசம்பர் 6 அன்று அது நடைமுறைக்கு வந்தது. சாக்கடை, செப்டிக் டேங்க் இரண்டிலும் அபாயகரமான முறையில் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கு இரண்டு வருசம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். இறக்கச் சொல்லும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். ஆனால் அதிலேயே ஓட்டை வைத்தார்கள். பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் இறக்கினால்தான் குற்றமாம். விதிகளில் 44 வகைக் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. நம் தெருவுக்கு வருகிறவரிடம் நான் பார்த்தது ஒரு கயிறு, ஒரு வாளி.

2014 மார்ச்சில் நீதிபதி சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, 1993-க்குப் பிறகு இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்கவேண்டும் என்றது. 2023 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு அதை முப்பது லட்சமாக்கியது. இந்தச் சாவுகள் பற்றி நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த கணக்குகளில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 200-ஐத் தாண்டி, மாநிலங்களிலேயே முதலிடத்தில் நின்றிருக்கிறது. பெரியார் மண் என்கிறோம், சமூகநீதி மண் என்கிறோம். அந்த மண்ணுக்குள் இவர்களும் கிடக்கிறார்கள்.

இப்போது நம் பக்கம். சேரியில் செப்டிக் டேங்க் கட்ட இடம் எங்கே இருக்கிறது? ஒன்றரை சென்ட்டில் வீடு, அதில் ரெண்டு குடும்பம். ஏரிக்கரையை ஒட்டிய பள்ளத்தில்தான் நமக்கு இடம் விட்டார்கள். 2015 வெள்ளத்தில் இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் ஏறிய தண்ணீர் மழைத் தண்ணீர் மட்டும் அல்ல. மேட்டுத் தெருத் தொட்டிகளிலிருந்து கிளம்பியதும் அதில் கலந்து வந்தது. தூய்மை இந்தியா திட்டத்தில் கிராமப்புறத்து வீட்டுக் கழிவறைக்கு 12,000 ரூபாய் மானியம் கொடுத்தார்கள். அந்தப் பணத்துக்குத் தோதானது இரட்டைக் குழி: ஒரு குழி நிரம்பினால் மூடிவிட்டு மற்றதுக்குத் திருப்பவேண்டும், ஒன்றரை இரண்டு வருசத்தில் முதல் குழியில் இருப்பது மக்கி எருவாகிவிடும், மனிதர் மலத்தைத் தொடவேண்டியதில்லை. நல்ல வழி. ஆனால் நீர்மட்டம் உயரமாக இருக்கும் ஏரிப்பள்ளத்தில் அது அப்படியே செல்லாது. எந்த வழி செல்லும் என்று நம் மண்ணைப் பார்த்துச் சொல்ல எந்த இன்ஜினியரும் நம் தெருவுக்கு வரவில்லை.

மேட்டுத் தெருவில் உறிஞ்சிய லாரி எங்கே போய்க் கொட்டுகிறது? விதிப்படி சுத்திகரிப்பு நிலையத்துக்கோ அதற்கென ஒதுக்கிய நீரேற்று நிலையத்துக்கோ போகவேண்டும். டீசல் மிச்சம், வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம் என்று ராத்திரியில் வெளிவட்டச் சாலை ஓரத்திலும் கூவத்துக் கரையிலும் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. அங்கேயும் பக்கத்தில் குடியிருப்பது யார் என்று போய்ப் பாருங்கள். அவர் மிச்சம்பிடித்த டீசல் காசை நம் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் கட்டுகிறார்கள்.

தோழர்களிடம் கூச்சமில்லாமல் பேசவேண்டியது இன்னொன்று உண்டு. தொட்டிக்குள் இறங்குகிறவர்களில் பெரும்பகுதி அருந்ததியர், தெலுங்கு பேசும் ஆதி ஆந்திரர். பறையரும் இருளரும்கூட இறங்குகிறார்கள். நம்மில் படித்து, வேலைக்குப் போய், மனை வாங்கி, வீடு கட்டினவர்கள் இன்று இந்தப் புறநகரில் நிறையப் பேர். நம் வீட்டுத் தொட்டி நிரம்பும்போது நாமும் அதே லாரிக்காரருக்குத்தான் போன் போடுகிறோம். அருந்ததியருக்கு 2009-இல் மூன்று சதவீத உள்ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர் முகம் சுளித்தார்கள். அவர்களிடம் கேட்கிறேன்: தொட்டிக்குள் இறங்குவதிலும் பங்கு கேட்டீர்களா? தலித் ஒற்றுமை என்பதை மேடையிலிருந்து அளக்கவேண்டாம். ஒவ்வொரு வீட்டின் சிலாப்பு மூடிக்குப் பக்கத்தில் நின்று அளந்து பார்க்கலாம்.

செய்யமுடியாதது எதுவும் இல்லை. மகாராட்டிரத்தில் சாத்தாரா மாவட்டத்து வாய் நகராட்சி, வீட்டு வரியோடு சுகாதார வரி வாங்கி, மூன்று வருசத்துக்கு ஒருமுறை முறைவைத்து எல்லா வீட்டுத் தொட்டியிலும் கசடு எடுக்க ஏற்பாடு செய்தது. யாரும் போன் போடவேண்டாம், பேரம் வேண்டாம். கசடு இறுகுவதற்கு முன்பே எடுப்பதால் ஆள் இறங்கவேண்டிய தேவையே வராது. தமிழக அரசும் 2014-இல் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழியில் 2017-இல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் அமைத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் இறுகிய கசடைக் கிளறிவிட ‘ஹோமோசெப்’ என்ற எந்திரத்தைச் செய்திருக்கிறார்கள். கடப்பாரையோடு இறங்கிய மனிதர் செய்த வேலையை அது செய்கிறது. ஒரு பேரூராட்சியில் முடிந்தது 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த அம்பத்தூரிலும், 2019-இல் மாநகராட்சியான ஆவடியிலும், பூந்தமல்லி நகராட்சியிலும் ஏன் முடியாது?

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கவேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு முதலில் சேரிக்கும் வாரியக் குடியிருப்புக்கும் வரட்டும். அதுவரைக்கும் ஒவ்வொரு வீட்டுத் தொட்டியையும் மாநகராட்சியே பதிவேட்டில் ஏற்றி, மூன்று வருசத்துக்கு ஒருமுறை எந்திரத்தால் கசடு எடுக்கட்டும். அந்த மாதம் அறுபது ரூபாயை வீட்டு வரியோடு வாங்கட்டும், சேரிக்கு அதை ஏற்றவேண்டாம். வரைபட ஒப்புதல் கொடுக்கும்போதே தொட்டியின் அளவையும், மூடி இருக்கிறதா என்பதையும், காற்றுக் குழாயையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். எந்திரம் வரும்போது அதற்கு முதலாளி யார் என்ற கேள்வியை விடக்கூடாது. இத்தனை தலைமுறை இறங்கினவர்களின் பிள்ளைகள் பெயரில் லாரியும் எந்திரமும் கடனும் ஒப்பந்தமும் வரவேண்டும். குழாய் பிடிக்கிற கை மட்டும் நம்முடையதாக இருந்தால் அது பழைய கதைதான்.

இதற்கெல்லாம் முன்னால் நாமே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் தெருத்தெருவாகப் போய், எந்த வருசம், எந்த வீட்டுத் தொட்டியில், யார் இறங்கினார், யார் திரும்பவில்லை என்று எழுதுவோம். வழக்குப் பதிவானதா, பணம் வந்ததா, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதுவோம். வீட்டுக்காரர்கள் நோட்டில் விட்டுப்போன வரியை நிரப்பும் வேலை இது. மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் வேலை தொடங்கிவிடும்.